ஒரு காலெலும்பின் வரலாறு



கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து, அப்பள்ளத்தாக்கிலேயே ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் கல்வெட்டுகளும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. இன்று நான் எடுத்துக்கொண்டதோ, எழுத்தே தோன்றாத காலத்து வரலாறு. அங்கே எழுத்துக்குப் பதிலாக எலும்பைப் படிக்க வேண்டும். அதுவும் முழு எலும்புக்கூடு அன்று. பெரும்பாலும் ஒரு காலின் உடைந்த துண்டே கிடைக்கும். அத்துண்டைக் கொண்டு விலங்கை அறிவது எங்ஙனம்? அவ்வறிவு எவ்வளவு தூரம் செல்லும்? எவ்விடத்தில் நிற்க வேண்டும்? இவையே இப்பேச்சின் பொருள்.

இப்பொருளில் எனக்கு ஈடுபாடு உண்டானது என் பிழை ஒன்றினால். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1990களின் தொடக்கம், ஐப்பசி மழையில் ஆறுகள் பெருகி வடிந்திருந்த நேரம். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், சுருளிமலை அடிவாரத்து ஓடையில் கிடந்ததென்று சொல்லி, ஒரு பெரிய எலும்பின் முனைத் துண்டைச் சாக்கில் சுற்றித் தலைச்சுமையாகக் கொண்டுவந்தான். “இது என்ன எலும்பு, சார்?” என்று கேட்டான். நான் பாடம் நடத்தும் அவசரத்தில் இருந்தேன். “மாட்டெலும்புதான், வெளியே போடு” என்றேன். அவன் தயங்கி, “மாட்டுக்கு முட்டி இத்தனை பெரிசா இருக்குமா, சார்?” என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். எலும்பு பள்ளிச் சுவரோரம் சில வாரங்கள் கிடந்தது. பிறகு காணாமற் போயிற்று.

சில ஆண்டுகள் கழித்து, மாணவர்களை அழைத்துக்கொண்டு சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திற்குச் சென்றேன். அங்கே நிற்கும் யானையின் எலும்புக்கூட்டின் முன்னால் என் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. தொடை எலும்பின் கீழ்முனையில், முழங்கால் மூட்டில், அருகருகே இரண்டு பெரும் புடைப்புகள். அவற்றை நான் முன்பே பார்த்திருக்கிறேன் என்று உள்ளம் சொல்லிற்று. மேகமலைக் காடுகளில் யானை வாழ்கிறது. அதன் எலும்பு ஓடையில் வந்து கிடப்பதில் வியப்பில்லை. ஆயினும் அது யானையின் எலும்புதான் என்று உறுதி கூற என்னிடம் என்ன சான்று இருந்தது? நான் அளவெடுக்கவில்லை, படம் வரையவில்லை. அம்மாணவனும் அதற்குள் பள்ளியை விட்டுப் போய்விட்டான். அன்றைக்குப் பின் அவன் எதையும் என்னிடம் கொண்டுவந்து காட்டியதில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இனி, பொருளுக்கு வருவோம். ‘நம் பள்ளத்தாக்கில் டைனோசர் எலும்பு கிடைக்குமா?’ என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கிடைக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் நம் தோட்டங்களின் அடியிலும் இருப்பவை சார்னோக்கைட்டு, நைசு முதலிய பாறைகள். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பே நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறியவை அவை. டைனோசர்கள் தோன்றியதோ ஏறக்குறைய 23 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். எலும்பு பாதுகாக்கப்பட வேண்டுமானால், விலங்கு வாழ்ந்த காலத்திலேயே மணலோ சேறோ அதன்மேற் படிந்து பாறையாக இறுகியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அத்தகைய பாறைகளைக் காணத் திருச்சிராப்பள்ளிக்கு அப்பால், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்குச் செல்ல வேண்டும். கிரெட்டேசியஸ் காலம் என்று புவியியலார் கூறும் காலத்தில் அங்கே கடல் அலை வீசிற்று. அக்கடலின் சிப்பிகளும் சங்குகளும் சுண்ணாம்புக்கல்லில் இன்றும் நிறைந்துள்ளன. கடல் பின்வாங்கிய பின் ஆறுகள் கொணர்ந்து கொட்டிய மணலும் களியும் மேலடுக்காக அமைந்தன. அம்மேலடுக்கிற்குக் கல்லமேடு என்னும் ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வடுக்கிலே கிடைத்த ஒரு காலெலும்புதான் நம் கதையின் தலைவன்.

அதனைக் காணுமுன், காலெலும்பைப் படிக்கும் முறையைச் சிறிது அறிந்துகொள்வோம். கையில் ஒரு துண்டு கிடைத்தால் மூன்று வினாக்களை வரிசையாக எழுப்ப வேண்டும்.

முதல் வினா: இஃது எலும்புதானா? மரமும் கல்லாகும், எலும்பும் கல்லாகும். இரண்டும் உருளை வடிவாகக் கிடக்கும்போது கண் ஏமாறும். ஆதலால் உடைந்த முகத்தைப் பார்க்க வேண்டும். எலும்பாயின் வெளிப்புறம் கெட்டியாகவும், உட்புறம் தேன்கூடு போலத் துளைகள் நிறைந்தும் இருக்கும். ஐயம் தீராவிடில் மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைக்கலாம். குருதிக் குழாய் சென்ற வட்டக் கால்வாய்கள் தெரிந்தால் எலும்பு. வரிசை வரிசையாக நாரறைகள் தெரிந்தால் மரம்.

இரண்டாம் வினா: எந்த எலும்பு? மேல்முனையில் இடுப்பை நோக்கித் திரும்பிய உருண்டைத் தலையும், கீழ்முனையில் இரு புடைப்புகளும் இருந்தால் தொடை எலும்பு. மேல்முனை அகன்று, முன்பக்கத்தில் ஒரு முகடு எழுந்து நின்றால் கணைக்கால் எலும்பு.

மூன்றாம் வினா: எவருடைய எலும்பு? இங்கேதான் கவனம் மிக வேண்டும். டைனோசர்களுள் ஊனுண்ணும் கூட்டத்தைத் தெரோபோடு என்றும், நீண்ட கழுத்தும் தூண் போன்ற கால்களும் உடைய தழையுண்ணும் கூட்டத்தைச் சாரோபோடு என்றும் அழைக்கிறார்கள். சாரோபோடு என்னும் பெயரை 1878-இலும், தெரோபோடு என்னும் பெயரை 1881-இலும் அமெரிக்க அறிஞர் மார்ஷ் இட்டார். ‘பல்லிப் பாதம்’, ‘விலங்குப் பாதம்’ என்பன அவற்றின் பொருள். பெயரே பாதத்திலிருந்து பிறந்ததைக் காண்க! தெரோபோடுகளின் காலெலும்பு உள்ளே கூடானது. அதன் சுவர் மெல்லியது. கணைக்கால் எலும்பின் கீழ்முனை முன்புறம் தட்டையாக அகன்றிருக்கும். கணுக்கால் எலும்பின் நாக்குப் போன்ற நீட்சி அத்தட்டையின்மேல் ஏறிப் படியும். சாரோபோடுகளின் தொடை எலும்போ நேரான தூண். குறுக்கே வெட்டினால் முன்பின் அளவைவிடப் பக்கவாட்டு அளவு மிகுந்த நீள்வட்டமாகத் தெரியும். வாலிலிருந்து வரும் தசை பற்றும் முகடு பின்புறத்தில் தாழ்ந்த வரம்பாக இருக்கும். கணைக்கால் எலும்பு தொடை எலும்பைவிட நன்கு குட்டையானது. ஓடுவதற்கன்று, சுமப்பதற்கென்றே ஏற்பட்ட கால் அது.

இம்முறை ஒரே நாளில் வந்துவிடவில்லை. பிழைகளின் வழியே வந்தது. 1677-இல் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் இராபர்ட் பிளாட் ஒரு பேரெலும்பின் கீழ்முனையைத் தம் நூலில் வரைந்து வெளியிட்டார். தொடை எலும்பின் முழங்கால் முனை என்று அவர் சரியாகவே சொன்னார். யானையினதோ என்று முதலில் ஆராய்ந்து, முடிவில் மனித அரக்கன் ஒருவனுடையது என்று எழுதினார். அவ்வெலும்பு பின்னர்த் தொலைந்துபோயிற்று. ஆனால் படம் நின்றது. அப்படத்தைப் பார்த்தே இன்றைய அறிஞர்கள், அது மெகலோசாரஸ் என்னும் ஊனுண்ணி டைனோசருடையதாகலாம் என்கிறார்கள். முடிவு தவறாயிற்று, பதிவு பயன்பட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்நாட்டிலேயே 1841-இல் ரிச்சர்டு ஓவன் சில பேரெலும்புகளைக் கண்டு, கடலில் வாழ்ந்த விலங்கு என்று கருதி, ‘திமிங்கிலப் பல்லி’ என்னும் பொருள்படச் சீட்டியோசாரஸ் என்று பெயரிட்டார். பின்னர் ஆக்ஸ்போர்டுக்கு அருகில் அதன் காலெலும்புகள் கிடைத்தன. 1871-இல் ஜான் பிலிப்ஸ் அவற்றை விவரித்து, நிலத்தில் நடக்கத்தக்க கால்கள் இவை என்று காட்டினார். கால் கிடைத்தவுடன் திமிங்கிலம் கரையேறிற்று!

நம் நாட்டு வரலாறும் இதற்குக் குறைந்ததன்று. 1828-இல் சபல்பூரில் பாரா சிம்லா குன்றின் அருகே, படைத்தலைவர் ஸ்லீமன் கல்லான எலும்புகளைக் கண்டெடுத்தார். அவற்றுள் இருந்த வால் முள்ளெலும்புகள் 1877-இல் லைடெக்கர் டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்னும் பெயரிடுவதற்கு அடிப்படையாயின. அம்முள்ளெலும்புகள் பின்னர்க் காணாமற் போயின. 2012-இல் கொல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சேகரத்தில் மீண்டும் அடையாளம் காணப்பட்டன. 1961-இல் பிராணஹிதா, கோதாவரி ஆறுகளின் பள்ளத்தாக்கில் இந்தியப் புள்ளியியல் கழகத்தார் அகழ்ந்தபோது 1.7 மீட்டர் நீளமுள்ள தொடை எலும்பு ஒன்று வெளிப்பட்டது. அக்காலின் பெருமையை எண்ணி, ‘பெருங்கால் பல்லி’ என்னும் பொருளில் பாரபாசாரஸ் என்று அழைத்தார்கள். அவ்வாண்டு இரவீந்திரநாத தாகூரின் நூற்றாண்டு ஆதலின், 1975-இல் முறைப்படி பெயரிட்டபோது ‘தாகோரி’ என்பதையும் சேர்த்தார்கள். ஏறத்தாழ முந்நூறு எலும்புகள் திரட்டப்பட்டமையால், அதன் எலும்புக்கூட்டைக் கொல்கத்தாவில் நிறுத்திவைக்க முடிந்தது. சான்று மிகுதியாக இருந்தது. ஆகவே சச்சரவு குறைந்தது.

கல்லமேட்டின் நிலை வேறு. அப்பகுதியின் பாறைகளை பிளான்போர்டு 1862-இல் வெளிவந்த அறிக்கையில் விவரித்திருந்தார். மாட்லே 1929-இல் அங்குள்ள டைனோசர் எச்சங்களைப் பற்றித் தனியே எழுதினார். பிற்காலத்தில் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் கல்லமேட்டிலே இடுப்பெலும்பு ஒன்றையும், தொடை எலும்பின் பகுதியையும், கணைக்கால் எலும்பையும், முன்காலின் எலும்பையும், வால் முள்ளெலும்பின் பகுதியையும் கண்டு, 1987-இல் அறிக்கை எழுதினார்கள். கணைக்கால் எலும்பின் நீளம் 2 மீட்டர். நம் ஊர்த் திராட்சைப் பந்தலுக்கு ஊன்றுகின்ற கல்லுக்காலை நினைத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்குக் கீழே மட்டும் அவ்வளவு உயரம்! யானையின் தொடை எலும்பே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். கண்டவர்கள் அவ்விலங்குக்கு பிருஹத்காயோசாரஸ் மாட்லேயி என்று பெயரிட்டார்கள். ‘பிருஹத்’ என்றால் பெரிய. ‘காயம்’ என்றால் உடல். தஞ்சையிலும், அதே அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்திலும் பெருவுடையாருக்கு பிருகதீசுவரர் என்னும் பெயர் வழங்குகிறதன்றோ? அந்த ‘பிருஹத்’தே இதுவும். இரண்டாம் பெயர் மாட்லேயின் நினைவு.

ஆனால் மூன்றாம் வினாவில் சிக்கல் எழுந்தது. அவ்வறிக்கை இவ்விலங்கை ஊனுண்ணிகளின் கூட்டத்தில் வைத்தது. டைரனோசாரஸ் ரெக்ஸின் கணைக்கால் எலும்பு ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்டதே. அதைப் போன்ற வேட்டை விலங்கு ஒன்று ஏறக்குறைய இருமடங்கு காலுடன் திரிந்ததென்று கொள்வது எளிதன்று. 1995-இல் சங்கர் சாட்டர்ஜி இதனை மறுபடி ஆராய்ந்து, இது சாரோபோடு இனத்தின் டைட்டனோசார் கிளையைச் சேர்ந்தது என்றார். அக்கருத்தே இன்று நிலவுகிறது.

அதற்குள் முதல் வினாவும் மீண்டும் எழுந்தது. ‘இது எலும்புதானா? கல்லான மரமாக இருக்கலாகாதா?’ என்று சிலர் ஐயுற்றனர். ஐயத்திற்கு இடம் இருந்தது. பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது, 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் அதனை உலகுக்கு அறிவித்தார். அத்தகைய நிலத்தில் நீண்ட உருளை ஒன்று கிடைத்தால் மரமோ என்று கேட்பது முறையே. இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. 1987-இல் அர்ஜென்டினாவில் பண்ணையார் ஒருவர் தம் நிலத்தில் கல்மரம் கிடப்பதாக நினைத்தார். அது எலும்பாக இருந்தது. 1993-இல் அதற்கு அர்ஜென்டினோசாரஸ் என்று பெயரிட்டார்கள். அதன் 1.55 மீட்டர் நீளமுள்ள காலெலும்பை முதலில் கணைக்கால் எலும்பு என்றார்கள். பிறகு, அதனை ஒட்டி நிற்கும் பக்கத்து எலும்பு என்று திருத்தினார்கள். எலும்பு கையில் இருந்தது. ஆகவே திருத்தமும் கைகூடிற்று.

கல்லமேட்டு எலும்பைத் திருத்துவதற்கோ எலும்பே இல்லை. நேயர்களே, இதுதான் இவ்வரலாற்றின் துயரமான பகுதி. அந்த எலும்புகள் மிகவும் நொறுங்கும் தன்மையுடையவை. நம் நாட்டுப் பருவமழையும் வெயிலும் மாறி மாறித் தாக்கும் களிமண்ணில் கிடந்தவை. சாந்துக் கட்டிட்டு எடுத்தும், அருங்காட்சியகம் போய்ச் சேருமுன்னரே அவை உதிர்ந்து பொடியாயின. 2017-இல் வெளியான ஒரு கட்டுரையால் இச்செய்தி உலகுக்குத் தெரிந்தது. ஏழு கோடி ஆண்டு காத்திருந்த எலும்பு, மனிதன் கண்டபின் சில ஆண்டுகள் நிலைக்கவில்லை. 1987-ஆம் ஆண்டு அறிக்கையில் இருந்த விவரிப்போ சுருக்கமானது, படங்களும் சில. வேறு எதைக் கொண்டு வழக்கை நடத்துவது?

2022-இல் அய்யாசாமி, மற்றோர் ஆய்வாளருடன் சேர்ந்து, களத்தில் அக்காலத்தில் எடுத்து வெளிவராதிருந்த புகைப்படங்களை வெளியிட்டார். இழந்த பேருருவின் நிழல் அப்படங்களில் தெரிந்தது. அவை எலும்பு என்பதற்கும், டைட்டனோசாருடையவை என்பதற்கும் ஆதரவு வலுத்தது. அடுத்த ஆண்டு, 2023-இல், கிரெகரி பால், அசியர் லாராமெண்டி என்னும் இருவர் அதன் எடையைக் கணக்கிட்டு, 110 முதல் 170 டன் வரை இருக்கலாம் என்றார்கள். ஓர் ஆண் யானைக்கு ஐந்து டன் என்று வைத்தால், குறைந்த கணக்கிலும் இருபத்திரண்டு யானை! மிகப் பெரிய திமிங்கிலங்களுக்கு இணையான விலங்கு ஒன்று தமிழகத்து ஆற்றங்கரையில் நடந்திருக்கக்கூடும்.

மாணவர்களே, ‘கூடும்’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். 110-க்கும் 170-க்கும் ஏன் அவ்வளவு இடைவெளி? கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலிலேயே இதற்கு அடிப்படை உண்டு. ஒரு விலங்கு, வடிவம் மாறாமல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இருமடங்கானால், எடை எட்டு மடங்காகும். எலும்பின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்கே ஆகும். ஆதலால் பேருடல் தாங்கும் எலும்பு விகிதத்திற்கு மீறித் தடிக்க வேண்டும். எலும்பின் சுற்றளவிலிருந்து எடையைக் கணிக்கும் முறை இதனால்தான் எழுந்தது. அதே கணக்கு நம்மை எச்சரிக்கவும் செய்கிறது. உடலின் அளவை மதிப்பிடுவதில் பத்தில் ஒரு பங்கு மிகையாகிவிட்டால், எடை 1.1-இன் மும்மடி, அதாவது 1.331 மடங்காகும்; மூன்றில் ஒரு பங்கு தவறு! காலெலும்பு ஒன்றை வைத்துக் கழுத்தையும் வாலையும் நாமே கற்பனை செய்யும்போது இத்தகைய பிழை எளிதில் நேரும். எனவே, ‘உலகிலேயே பெரிய விலங்கு எங்கள் தமிழ்நாட்டு விலங்கு’ என்று மார்தட்ட வேண்டா. ‘ஒன்றுமே இல்லை, வெறும் மரக்கட்டை’ என்று கைவிரிக்கவும் வேண்டா. சான்று எவ்வளவு தூரம் அழைத்துச் செல்கிறதோ, அவ்வளவு தூரம் சென்று நிற்பதே அறிவுடைமை.

அதனினும் முதன்மையான பாடம் ஒன்று உண்டு. பிளாட் அரக்கன் என்றார், தவறு. ஆனால் வரைந்துவைத்தார், அதனால் முந்நூறு ஆண்டு கழித்தும் அவ்வெலும்பு நம்மோடு பேசுகிறது. கல்லமேட்டு எலும்பு பொடியாயிற்று. எஞ்சிய புகைப்படமும் அளவும் அதனை முற்றிலும் மறையாமற் காக்கின்றன. பெயர் இடுவதைப் பிற்காலத்தவர் திருத்திக்கொள்வார்கள். அளக்காமல் விட்டதை எவராலும் திருத்த இயலாது.

ஆதலின் இளைஞர்களே, அரியலூர்ப் பக்கம் சுற்றுலாச் சென்றால், எந்தக் கல்லையும் பெயர்த்தெடுத்துப் பையில் போடாதீர்கள். கிடந்த இடத்திலேயே, பக்கத்தில் ஓர் அளவுகோலோ நாணயமோ வைத்துப் படம் எடுங்கள். ஊரின் பெயர், நாள், அடுக்கின் நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அறிந்தவரிடம் காட்டுங்கள். இவ்வளவு செய்தால் போதும், நீங்களும் வரலாற்றாசிரியர்களே.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் வேறு. ஒரு மாணவன் ஏதேனும் ஒன்றைச் சுமந்துகொண்டு உங்கள் வகுப்பு வாயிலில் வந்து நின்றால், விடை சொல்ல விரையாதீர்கள். ‘முதலில் அளப்போம், வா’ என்று சொல்லுங்கள். சுருளிமலை ஓடையிலிருந்து தலைச்சுமையாக வந்த அந்த எலும்பின் பெயர் இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அம்மாணவன் கேட்ட கேள்வி சரியான கேள்வி என்பது தெரியும். எங்கேனும் இருந்து அவன் இப்பேச்சைக் கேட்பானாயின், முப்பது ஆண்டு கழித்தேனும் அதை அவனுக்குச் சொல்லிவிட்டேன் என்னும் ஆறுதலுடன் முடிக்கின்றேன்.